மண்ணும் வேரும் – 9: காற்றில் கிடந்த தழைச்சத்து

1873ஆம் ஆண்டு. லண்டனுக்கு வடக்கே ஹார்ப்பெண்டன் என்ற ஊரை ஒட்டிய ராதம்ஸ்டட் பண்ணையில் ஒரு வயலை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் பார்லியும் மறுபாதியில் குளோவரும் வளர்த்தார்கள். குளோவர் அந்த நாட்டு மாட்டுத் தீவனம். நம் குதிரைமசாலைப் போல பயறுக் குடும்பத்துச் செடி. அறுத்த பயிரை எடைபோட்டு, ஆய்வுக்கூடத்தில் பகுத்துப் பார்த்து, ஏக்கருக்கு எவ்வளவு நைட்ரஜன் பயிரோடு வெளியேறியது என்று கணக்கெழுதினார்கள். பார்லியில் 37 பவுண்டு, குளோவரில் 151 பவுண்டு. மறு ஆண்டு வயல் முழுக்கப் பார்லி விதைத்தார்கள். நான்கு மடங்கு தழைச்சத்தைப் பறிகொடுத்த பாதியில் பயிர் இளைத்துப்போயிருக்க வேண்டும் அல்லவா? பார்லிக்குப் பின் வந்த பார்லியில் 39 பவுண்டு நைட்ரஜன் இருந்தது. குளோவருக்குப் பின் வந்த பார்லியில் 69.

இந்தக் கணக்கை எழுதியவர்கள் ஜான் பென்னெட் லாஸ், ஜோசப் ஹென்றி கில்பர்ட் என்ற இருவர். காற்றிலுள்ள நைட்ரஜனை எந்தச் செடியாலும் எடுத்துக்கொள்ள முடியாது என்று பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு உலகுக்கு அறிவித்தவர்களும் இவர்களேதான். தங்கள் முடிவுக்கு ஒத்துவராத எண்களைத் தாங்களே அளந்து, ஒளிக்காமல் அச்சிட்டார்கள். இந்த இதழின் கதை அந்த முரண்பாட்டைப் பற்றியது. அது தீர ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் பிடித்தன.

தொடரைத் தவறாமல் படித்துவரும் வாசகர்களுக்கு முந்தைய இதழ்கள் நினைவிருக்கும். வான் ஹெல்மான்ட் ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றி வளர்த்த வில்லோ மரம் 169 பவுண்டு எடைக்கு வந்தது. தொட்டி மண்ணில் குறைந்ததோ இரண்டே அவுன்ஸ். ஆகவே மரம் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவுகட்டினார். செடியின் உடலிலுள்ள கரிமம் காற்றிலிருந்து இலை வழியாக வருகிறது என்பதை 1804இல் ஜெனீவாவின் தியடோர் த சொசூர் நிறுவினார். மட்கே செடிக்கு உணவு என்ற பழைய கருத்தை கார்ல் ஸ்ப்ரெங்கல் 1820களில் அசைத்தார். யுஸ்டஸ் ஃபான் லீபிக் 1840இல் வெளியிட்ட புத்தகம் அதைச் சாய்த்தது. மட்கை வேர் அப்படியே விழுங்குவதில்லை. மட்கு சிதைந்து நீரில் கரையும் உப்புகளாக மாறிய பிறகே வேர்த்தூவிகள் அவற்றை உள்ளிழுக்கின்றன. மணிச்சத்தும் சாம்பல்சத்தும் சுண்ணாம்பும் மண்ணிலிருந்து வருகின்றன என்பதில் 1840களில் பெரிய சண்டை இல்லை. சண்டையெல்லாம் தழைச்சத்தைப் பற்றித்தான்.

தழைச்சத்து என்று நம் உழவர்கள் சொல்லும் நைட்ரஜன் இல்லாமல் இலையில் பச்சை கிடையாது. பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூறின் நடுவிலும் ஒரு மக்னீசிய அணு. அதைச் சுற்றி நான்கு நைட்ரஜன் அணுக்கள். புரதம் எல்லாமே நைட்ரஜன் கொண்டது. பற்றாக்குறை வந்தால் செடி முதிர்ந்த இலையில் இருப்பதைப் பிரித்தெடுத்துக் குருத்துக்கு அனுப்பும். அதனால்தான் அடியிலை முதலில் மஞ்சளாகிறது. இத்தனை அவசியமான பொருள் காற்றில் 78 சதவீதம் இருக்கிறது. ஆனால் காற்றில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் மூன்று பிணைப்புகளால் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டிருக்கின்றன. அந்தப் பிடியைப் பிரிக்கும் கருவி எந்தச் செடியின் உயிரணுவிலும் இல்லை. வேர் எடுத்துக்கொள்ளக்கூடியவை பெரும்பாலும் இரண்டே வடிவங்கள்: நைட்ரேட், அம்மோனியம். அவை எங்கிருந்து வருகின்றன?

இந்தக் கேள்வியைத் தராசை வைத்துக்கொண்டு முதலில் கேட்டவர் ழான் பாப்டிஸ்ட் புஸ்ஸாங்கோ. இளமையில் தென்னமெரிக்காவில் சுரங்கப் பொறியாளராகச் சுற்றியவர். பிரான்சுக்குத் திரும்பி, அல்சாஸ் பகுதியிலுள்ள பெஷெல்பிரான் என்ற ஊரில் மனைவி வீட்டாரின் பண்ணையிலேயே 1830களில் ஆய்வைத் தொடங்கினார். வயலுக்குப் போகும் எருவை எடைபோட்டார். வயலிலிருந்து வரும் தானியம், வைக்கோல், தீவனம் அனைத்தையும் எடைபோட்டார். எல்லாவற்றிலும் உள்ள நைட்ரஜனை அளந்து வரவுசெலவுக் கணக்கு வைத்தார். வேளாண்மையை ஒரு பண்ணை அளவில் இப்படிக் கணக்கிட்டுப் பார்த்தவர் அவருக்கு முன் யாரும் இல்லை. பயிர்ச்சுழற்சியில் குளோவர் வந்த இடங்களில், எருவில் போட்டதைவிட அறுவடையில் எடுத்த நைட்ரஜன் அதிகமாக நின்றது. மிச்சம் எங்கிருந்து வந்தது?

1838இல் சுட்ட மணலில் செடிகளை வளர்த்துப் பார்த்தார். கோதுமையிலும் ஓட்ஸிலும் நைட்ரஜன் கூடவில்லை. குளோவரிலும் பட்டாணியிலும் கூடியது. உண்மை அன்றே அவர் மேசைக்கு வந்துவிட்டது. ஆனால் அவர் வைத்திருந்த சட்டிகள் திறந்தவெளியில் இருந்தவை. தூசியிலும் மழையிலும் ஏதேனும் கலந்திருக்கலாம் என்ற ஐயம் அவருக்கே இருந்தது. 1851 முதல் அதே சோதனையை இன்னும் கடுமையாகச் செய்தார். மண்ணை நன்றாகச் சுட்டு, செடிகளை மூடிய கண்ணாடிக் கலங்களுக்குள் வைத்து, உள்ளே போகும் ஒவ்வொன்றையும் தூய்மையாக்கினார். இந்தமுறை பயறுவகைச் செடிகளிலும் நைட்ரஜன் கூடவில்லை. கவனமாகச் செய்த சோதனை சொன்னதையே அவர் நம்பினார். முந்தைய முடிவைக் கைவிட்டார்.

லீபிக்கின் பதில் வேறு. மழைநீரில் சிறிதளவு அம்மோனியா இருப்பதை அளந்த அவர், காற்றிலிருந்து மழையோடு இறங்கும் அம்மோனியாவே பயிருக்குப் போதும் என்று வாதிட்டார். உழவன் மண்ணுக்குத் திருப்பித் தரவேண்டியது சாம்பலில் இருக்கும் உப்புகளை மட்டுமே. இந்த நம்பிக்கையில் ஓர் உரத்துக்குக் காப்புரிமை பெற்று, 1845இல் லிவர்பூலில் மஸ்பிராட் நிறுவனம் மூலம் தயாரிக்க வைத்தார். உப்புகள் மழையில் அடித்துப்போய்விடுமே என்று அஞ்சி, அவற்றை உருக்கிக் கரையாத பொருளாக மாற்றியிருந்தார். உரம் வயலில் கல்லைப்போலக் கிடந்தது. பயிருக்கு எதுவும் ஏறவில்லை.

அவர் அஞ்சியதற்குத் தேவையே இல்லை என்பது விரைவிலேயே தெரிந்தது. யார்க்ஷயர் நிலக்கிழார் ஹாரி ஸ்டீஃபன் தாம்சன் செய்து பார்த்ததை, ஜான் தாமஸ் வே என்ற வேதியியலாளர் 1850 வாக்கில் விரிவாக நிறுவினார். மண் நிரப்பிய குழாயின் மேலே அம்மோனியம் சல்ஃபேட் கரைசலை ஊற்றினால் கீழே அம்மோனியம் வருவதில்லை. அதற்குப் பதில் சுண்ணாம்புச் சத்து கலந்த நீர் வடிகிறது. களிமண் துகள்கள் அம்மோனியத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, தங்களிடமிருந்த கால்சியத்தை விட்டுவிட்டன. பொட்டாசியத்துக்கும் இதே கதைதான். வேரும் இதே வழியில்தான் மண்ணோடு கொடுக்கல் வாங்கல் செய்கிறது: ஹைட்ரஜன் அயனியை வெளியே விட்டு, களிமண் பற்றியிருக்கும் சத்தை விடுவித்து எடுத்துக்கொள்கிறது. உரவியலின் அடித்தளங்களில் ஒன்று இந்தக் கண்டுபிடிப்பு. இதைத் தனி இதழாகவே எழுத வேண்டும். லீபிக் பின்னாளில், 1862இல், தம் உரம் தோற்ற காரணத்தைப் பொதுவெளியில் ஒப்புக்கொண்டார்.

ராதம்ஸ்டட்டுக்கு வருவோம். லாஸ் அந்தப் பண்ணையின் சொந்தக்காரர். எலும்பையும் பாறைப் பாஸ்பேட்டையும் கந்தக அமிலத்தில் கரைத்து சூப்பர்பாஸ்பேட் செய்ய 1842இல் காப்புரிமை பெற்றவர். நம் கடைகளில் இன்றும் மூட்டை மூட்டையாக விற்கும் சூப்பர் அதன் வழிவந்ததுதான். அந்த வியாபாரத்தில் வந்த பணத்தை ஆய்வில் கொட்டினார். 1843 ஜூனில் கில்பர்ட்டை வேலைக்குச் சேர்த்தார். கில்பர்ட் கீசனில் லீபிக்கிடம் படித்தவர். இருவரும் 57 ஆண்டுகள், லாஸ் இறக்கும்வரை, ஒன்றாக வேலை செய்தார்கள்.

1843 இலையுதிர் காலத்தில் பிராட்பால்க் என்ற வயலில் கோதுமை விதைத்தார்கள். ஒரு பாத்தியில் எதுவும் இடவில்லை. ஒன்றில் தொழுவுரம். வேறு பாத்திகளில் லீபிக் சொன்ன சாம்பல் உப்புகள் மட்டும். இன்னும் சிலவற்றில் அந்த உப்புகளோடு அம்மோனியம் உப்பும். அந்தச் சோதனை இன்றுவரை நிற்கவில்லை. உலகில் இடைவிடாமல் நடக்கும் பயிர்ச் சோதனைகளில் மிகப் பழையது அதுவே. உரமில்லாத பாத்தி ஹெக்டேருக்கு ஏறத்தாழ ஒரு டன் கோதுமையோடு நின்றுகொண்டது. சாம்பல் உப்புகள் மட்டும் போட்ட பாத்தியும் அதைத் தாண்டிப் பெரிதாக எழவில்லை. அம்மோனியத்தையும் சேர்த்த பாத்தி தொழுவுரப் பாத்திக்கு ஈடாக விளைந்தது. மழையின் அம்மோனியா கோதுமைக்குப் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. மாணவர் ஆசிரியரை வயலில் வென்றார். லீபிக் கோபமாக எழுதினார், ராதம்ஸ்டட்டும் விடவில்லை, பத்து ஆண்டுகளுக்கு மேல் அச்சில் சண்டை ஓடியது. இங்கிலாந்து உழவர்கள் பணம் திரட்டி, 1855இல் லாஸுக்கு ஓர் ஆய்வுக்கூடமே கட்டிக் கொடுத்தார்கள். ஆராய்ச்சிக்காரருக்கு உழவர்கள் தங்கள் கைக்காசில் நன்றி சொன்ன இந்தச் செய்தி எனக்கு எப்போதும் நெகிழ்ச்சி தருவது.

ஆனால் குளோவரும் அவரையும் கோதுமையைப்போல நடந்துகொள்ளவில்லை. சாம்பல் உப்புகள் மட்டும் இட்டாலே அவை செழித்தன. அவற்றின் பின்னால் வந்த கோதுமையும் செழித்தது. 1857இல் லாஸும் கில்பர்ட்டும், இவான் பியூ என்ற இளம் அமெரிக்க வேதியியலாளரைச் சேர்த்துக்கொண்டு இதைத் தீர்த்துவிட முனைந்தார்கள். மண்ணைச் செஞ்சூட்டில் சுட்டார்கள். வாலைநீர் ஊற்றினார்கள். செடிகளைப் பெரிய கண்ணாடிக் கூடுகளால் மூடி, உள்ளே செலுத்தும் காற்றைக் கந்தக அமிலத்தில் கழுவி அம்மோனியாவை நீக்கினார்கள். அன்றைய உலகில் அதைவிடத் துல்லியமான தாவரச் சோதனை நடந்ததில்லை. தானியமும் பயறும் ஒருசேர வாடின. காற்றின் நைட்ரஜனை எதுவும் தொடவில்லை. 1861இல் முடிவு வெளியானது. அறிவியல் உலகம் வழக்கு முடிந்தது என்று கோப்பை மூடியது. பியூ நாடு திரும்பி, இன்று பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கும் கல்லூரியின் முதல் தலைவரானார். 36 வயதில் காலமானார்.

இவர்கள் எங்கே தவறினார்கள் என்றால், எங்கும் தவறவில்லை. அதுதான் இந்தக் கதையில் என்னை உலுக்குவது. ஒவ்வொரு எடையும் சரி, ஒவ்வொரு வினையும் சரி. மண்ணைச் சுட்டபோது அதிலிருந்த உயிர்கள் செத்தன. சாட்சியைக் கொன்றுவிட்டு விசாரணை நடத்தியதுபோல ஆயிற்று. சோதனை தூய்மையாக ஆக ஆக, விடை அதற்குள் இருக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போனது. 1838இல் புஸ்ஸாங்கோவின் திறந்த சட்டிகளில் எப்படியோ உயிர் புகுந்ததால்தான் உண்மையும் புகுந்தது. மண் என்பது செடியைத் தாங்கும் தூளும் உப்பும் மட்டும்தான் என்று ஒரு தலைமுறை வேதியியலாளர்கள் நம்பியிருந்தார்கள். அவர்கள் கையில் தராசு இருந்தது. நுண்ணோக்கி இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

நுண்ணோக்கி வைத்திருந்தவர்கள் வேறு மேசையில் இருந்தார்கள். 1679லேயே மார்செல்லோ மால்பிகி பயறுவகை வேர்களிலுள்ள சிறு முடிச்சுகளை வரைந்திருந்தார். பூச்சி கடித்த வீக்கம் என்பது அவர் எண்ணம். 1866இல் ரஷ்யாவின் மிகயில் வொரோனின் அந்த முடிச்சுக்குள் நுண்ணுயிர் போன்ற உருவங்களைக் கண்டார். அது நோயாக இருக்கலாம் என்றே பலரும் நினைத்தார்கள். நோய்பிடித்த செடி எப்படி மண்ணை வளமாக்கும்? அந்தக் கேள்வியைக் கேட்கவேண்டியவர்கள் காதுக்கு முடிச்சுச் செய்தி போகவில்லை.

1877இல் பாரிஸில் ஒரு திருப்பம். ஷ்லோசிங், மியூன்ட்ஸ் என்ற வேதியியலாளர்கள் இருவரும் மணல் நிரப்பிய நீண்ட குழாய் வழியாகக் கழிவுநீரை மெல்ல வடியவிட்டார்கள். முதலில் சில வாரங்கள் அம்மோனியா அப்படியே வந்தது. பிறகு நைட்ரேட்டாக மாறி வரத் தொடங்கியது. வேதிவினை என்றால் முதல் நாளே தொடங்கியிருக்க வேண்டும். ஏன் இந்தத் தாமதம்? குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்திப் பார்த்தார்கள். மாற்றம் நின்றது. ஆவியை நீக்கி, புதிய மண் கலந்த நீரைச் சிறிது ஊற்றினார்கள். மாற்றம் மறுபடி தொடங்கியது. மண்ணில் அம்மோனியாவை நைட்ரேட்டாக்குவது உயிர்கள் என்பது உறுதியானது. யூரியாவோ எருவோ எதைப் போட்டாலும், நம் புன்செய் வயலில் பயிர் பெரும்பாலும் குடிப்பது இந்த உயிர்கள் மாற்றித் தரும் நைட்ரேட்டைத்தான். மண் உயிருள்ளது என்ற எண்ணம் வேதியியலாளர்களிடையே பரவத் தொடங்கியது இதன் பிறகே.

இப்போது ஹெர்மன் ஹெல்ரீகலிடம் வருகிறோம். 1831இல் சாக்சனியில் பிறந்தவர். டாமே என்ற சிற்றூரின் ஆய்வு நிலையத்தில் பல ஆண்டுகள் மணல் சட்டிகளோடு வாழ்ந்தவர். 1882இல் பெர்ன்பர்க் நகரின் புதிய ஆய்வு நிலையத்துக்குத் தலைமையேற்றார். அங்கே அவரோடு சேர்ந்தவர் ஹெர்மன் வில்ஃபார்த். சர்க்கரைக்காகப் பயிராகும் பீட்ரூட்டுக்கான நிலையம் அது; சர்க்கரை ஆலைகளுக்கு உரத்தின் கணக்கு தேவைப்பட்டது.

சோதனை எளியது. கழுவிய குவார்ட்ஸ் மணலைக் கண்ணாடிச் சாடிகளில் நிரப்பி, நைட்ரஜனைத் தவிர மற்றெல்லாச் சத்துகளையும் கரைசலாக ஊற்றினார்கள். பிறகு ஒவ்வொரு சாடியிலும் வெவ்வேறு அளவில் நைட்ரேட்டைச் சேர்த்தார்கள். பார்லியும் ஓட்ஸும் சொன்னபடி கேட்டன. இவ்வளவு நைட்ரேட் என்றால் இவ்வளவு விளைச்சல். நைட்ரேட் இல்லையென்றால் விதையில் இருந்த சத்து தீர்ந்ததும் பயிரும் தீர்ந்தது. பட்டாணி மட்டும் எந்தக் கணக்குக்கும் கட்டுப்படவில்லை. நைட்ரேட் துளிகூட இல்லாத சாடிகளில் ஒன்று வாடிச் செத்தது. அதே மணல், அதே கரைசல், அதே நாள் விதைப்பு. பக்கத்துச் சாடி நிறைய நைட்ரேட் கொடுத்த சாடிக்கு இணையாகத் தழைத்தது.

மற்றவர்கள் இப்படி முறைகெட்டு வந்த எண்களைச் சராசரி எடுத்துச் சமன் செய்திருப்பார்கள். ஹெல்ரீகல் அந்த ஒழுங்கின்மையையே உற்றுப் பார்த்தார். செடிகளை நாள்தோறும் கவனித்தார். விதைச் சத்து தீர்ந்ததும் எல்லாப் பட்டாணிச் செடியும் சில நாள் வெளிறி நின்றன. அதை அவர் பசிக்காலம் என்று குறித்துக்கொண்டார். பிறகு சில செடிகள் திடீரென்று கரும்பச்சையாக மாறி எழுந்தன. எழுந்த செடிகளைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் முடிச்சுகள். செத்த செடியில் முடிச்சு இல்லை. இந்த வித்தியாசம் காற்றோடு தற்செயலாக வந்து விழும் ஏதோ ஒன்றால் வருகிறது என்றால் எல்லாம் பொருந்துகிறது.

அடுத்து அவர் செய்தவை சோதனைக் கலையின் சிகரம் என்பேன். வளமான வயல் மண்ணை வாலைநீரில் குலுக்கித் தெளியவைத்து, அந்த நீரைச் சிறிதளவு சாடிகளில் ஊற்றினார். அதிலிருந்த நைட்ரஜன் கணக்கில் சேராத அளவு. அந்தச் சாடிகளில் இருந்த பட்டாணி எல்லாம் விதிவிலக்கின்றித் தழைத்தது; எல்லா வேரிலும் முடிச்சு. அதே நீரைக் கொதிக்கவைத்து ஊற்றினால் எதுவும் நடக்கவில்லை. மணலைச் சூட்டில் உயிர்நீக்கி, சாடி வாயைப் பஞ்சால் மூடி, மண்நீர் ஊற்றாமல் வளர்த்தால் பட்டாணியும் ஓட்ஸைப்போலப் பட்டினி கிடந்தது. ஓட்ஸுக்கு மண்நீர் ஊற்றியும் பயனில்லை. இன்னொன்றும் கண்டார். பட்டாணியை எழுப்பிய அந்த மண்நீர், லூப்பின் என்ற இன்னொரு பயறுவகைச் செடியை எழுப்பவில்லை. லூப்பின் வளர்ந்திருந்த மணற்பாங்கான நிலத்து மண்ணைக் கரைத்து ஊற்றியதும் லூப்பின் எழுந்தது. ஒவ்வொரு செடி வகைக்கும் அதற்கென்று ஓர் உயிர் உண்டு.

1886 செப்டம்பர் 20. பெர்லினில் ஜெர்மன் இயற்கை ஆய்வாளர், மருத்துவர் பேரவையின் கூட்டம். ஹெல்ரீகல் எழுந்து தம் முடிவுகளைச் சொன்னார்: தானியங்கள் மண்ணின் நைட்ரஜனை மட்டுமே நம்பியிருக்கின்றன, பயறுவகைச் செடிகள் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் துணையோடு காற்றின் நைட்ரஜனைப் பெறுகின்றன. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் கில்பர்ட். அப்போது அவருக்கு 69 வயது. 1861இல் அச்சான தம் முடிவுக்கு நேர் எதிரானதை மேடையில் ஒருவர் நிரூபிப்பதைக் கேட்டார். ஊர் திரும்பியதும் மறுத்து எழுத உட்காரவில்லை. 1888 முதல் ராதம்ஸ்டட்டிலேயே லாஸும் அவரும் அந்தச் சோதனைகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள்; ஹெல்ரீகல் சொன்னது சரி என்று அறிவித்தார்கள். 1873இல் அளந்த எண்களுக்கு அவர்கள் வாழ்நாளிலேயே விளக்கம் கிடைத்தது. புஸ்ஸாங்கோ 1887 வரை உயிரோடு இருந்தார்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தன. 1888இல் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் முழு அறிக்கையை வெளியிட்டார்கள். அதே ஆண்டு ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரில் மார்ட்டினஸ் பெய்யரிங்க் முடிச்சுக்குள்ளிருந்து அந்த பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து வளர்த்தார். ரைசோபியம் என்று இன்று நாம் அழைக்கும் குடும்பம் அது. 1890இல் இளைய ஷ்லோசிங்கும் லோரானும் மூடிய கலத்தில் பட்டாணி வளர்த்து, காற்றில் குறைந்த நைட்ரஜனையே நேராக அளந்து காட்டினார்கள்.

முடிச்சுக்குள் என்ன நடக்கிறது என்பது அடுத்த நூற்றாண்டில்தான் துலங்கியது. பசித்த பயறுவேர் ஃபிளேவனாய்டு என்ற பொருள்களை மண்ணில் கசியவிடுகிறது. அதை உணர்ந்த ரைசோபியம் பதிலுக்கு ஒரு வேதிப்பொருளை அனுப்புகிறது. ஹெல்ரீகல் கண்ட ‘ஒவ்வொன்றுக்கும் ஒன்று’ என்ற விதி இந்தப் பரிமாற்றத்தில்தான் இருக்கிறது. பொருந்தாத அழைப்புக்கு வேர் கதவைத் திறப்பதில்லை. பொருந்தினால் வேர்த்தூவி சுருண்டு பாக்டீரியாவை அணைத்துக்கொள்கிறது. உள்ளே ஓர் இழை வழியாக அது இறங்குகிறது. வேரின் உள்ளணுக்கள் பெருகி முடிச்சாகின்றன. அங்கே நைட்ரோஜினேஸ் என்ற நொதி, இரும்பும் மாலிப்டினமும் சேர்ந்த மையத்தை வைத்துக்கொண்டு, காற்று நைட்ரஜனின் மூன்று பிணைப்புகளையும் அறுக்கிறது. இந்த நொதிக்கு ஆக்சிஜன் நஞ்சு. பாக்டீரியாவுக்கோ மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். இந்தச் சிக்கலை அவிழ்ப்பது நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதம். அது ஆக்சிஜனைப் பிடித்துவைத்து, தேவையான அளவு மட்டும் விடுகிறது. 1939இல் ஜப்பானின் குபோ அதை அடையாளம் கண்டார். வேலை செய்யும் முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருப்பது அதனால்தான். பாக்டீரியா அம்மோனியாவைத் தருகிறது. செடி அதை அமினோ அமிலமாக்கிக்கொண்டு, கூலியாக இலையில் செய்த மாவுப்பொருளைத் தருகிறது. கூலி அதிகம். மண்ணில் நைட்ரேட் தாராளமாகக் கிடைத்தால் செடி இந்தச் செலவை ஏற்பதில்லை. முடிச்சு வைப்பதைக் குறைத்துக்கொள்கிறது.

பெர்லின் கூட்டத்துக்கு மூன்று ஆண்டுகள் கழித்து, 1889 இறுதியில், ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் என்ற ஆங்கில வேளாண் வேதியியலாளர் இந்திய அரசின் அழைப்பில் இங்கே வந்தார். ஓராண்டுக்கு மேல் சென்னை மாகாணம் உட்பட நாடெங்கும் சுற்றி, 1893இல் இந்திய வேளாண்மையை மேம்படுத்துவது பற்றிய தம் அறிக்கையை வெளியிட்டார். இந்திய உழவனுக்கு ஒன்றும் தெரியாது என்ற எண்ணத்தை அவர் ஏற்கவில்லை. சராசரி ஆங்கில உழவனுக்கு அவன் குறைந்தவனல்ல, சிலவற்றில் மேலானவன் என்று எழுதினார். தானியத்தோடு பயறைக் கலந்தும் மாற்றியும் விதைப்பது இங்கே பரவலான வழக்கம் என்பதையும் பதிவுசெய்தார்.

நம் ஊர் மானாவாரி நிலத்தில் கம்போடும் சோளத்தோடும் துவரையும் தட்டைப்பயறும் மொச்சையும் வரிசை மாறி நிற்பதற்கு யாரும் பெர்ன்பர்க்கிலிருந்து சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நன்செய்க்குக் கொழிஞ்சியும் சணப்பையும் தக்கைப்பூண்டும் மடக்கி உழுதவர்களுக்கும், காவிரிப் படுகையில் தாளடி அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே ஈரத்தில் உளுந்து தெளித்தவர்களுக்கும் பலன் தெரியும். ரோமானியர்களும் லூப்பினை மடக்கி உழுதார்கள். காரணத்தை விளக்கியது ஹெல்ரீகல். இரண்டையும் மதிக்க வேண்டும் என்பதே என் எண்ணம்: பலனை மட்டும் அறிந்தால், புது நிலத்தில் முடிச்சு வராதபோது என்ன செய்வது என்று தெரியாது, காரணத்தை மட்டும் அறிந்தவர்கள் வயலை நம்பாமல் ஐம்பது ஆண்டுகளைத் தொலைத்தார்கள்.

பயறு சாகுபடி செய்யும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உளுந்தோ பாசிப்பயறோ நிலக்கடலையோ, விதைத்த முப்பது நாற்பது நாளில், பூக்கும் தருணத்தில், ஒரு செடியை இழுத்துப் பிடுங்காமல் மண்வெட்டியால் மண்ணோடு தோண்டி எடுங்கள். இழுத்தால் முடிச்சுகள் மண்ணிலேயே தங்கிவிடும். தண்ணீரில் அலசி, முடிச்சுகளைக் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் உங்கள் வயலில் உரம் தயாராகிக்கொண்டிருக்கிறது. மேலுரமாக யூரியா தூவி அதை நிறுத்த வேண்டாம். வெளிறியோ பச்சையாகவோ இருந்தால், அல்லது முடிச்சே இல்லையென்றால், அடுத்த பருவத்தில் வேளாண்மை விரிவாக்க மையத்தில் ரைசோபியம் பொட்டலம் வாங்கி, ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி அன்றைக்கே விதையுங்கள். வாங்கும்போது எந்தப் பயிருக்கு என்று கேட்டு வாங்குங்கள். நிலக்கடலைக்குரியது வேறு, உளுந்துக்குரியது வேறு.

(தொடரும்)